நெற்றிக்காசு

தை அமாவாசையன்று அம்மா மண்டபம் படித்துறையில் மூன்றாவது முழுக்குப் போடும்போது பாசியில் கால் வழுக்கியது. விழாமல் இருக்கக் கையை ஊன்றினேன். எழுந்து நின்றபோது உள்ளங்கை நிறைய மணல் இருந்தது. மணலுக்குள் ஒரு காசும் இருந்தது.

ஸ்ரீரங்கத்து ஆற்றில் காசு கிடைப்பது பெரிய விஷயமில்லை. பாலத்தைக் கடக்கும் பஸ்ஸிலிருந்துகூட ஜன்னல் வழியாக வீசுகிறார்கள். படித்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, கயிற்றில் காந்தத்தைக் கட்டித் தண்ணீருக்குள் இழுத்துக் காசு பொறுக்குகிறவர்களையும் பார்க்கலாம். நானும் அதைத் திரும்ப ஆற்றிலேயே போட்டிருப்பேன். ஆனால் அம்மா படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போனதிலிருந்து ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் நான் இங்கே வந்து தர்ப்பணம் கொடுக்கிறேன். நான் எதையும் விட்டுவிடாமல் செய்கிறேனா என்று அவள் கூட வந்து கவனிக்கிறாள். கையில் என்ன என்று கேட்டாள். கொண்டுபோய்க் காட்டினேன்.

சின்னக் காசு. சுண்டுவிரல் நுனி அகலம்தான் இருக்கும். கரும்பச்சை படிந்து, ஓரமெல்லாம் தேய்ந்து, வட்டம் என்று துணிந்து சொல்ல முடியாத ஒரு வட்டம். அம்மா புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

“அப்பாவோட நெத்திக்காசுப்பா இது. தீயில கருத்துப் போயிருக்கு பாரு.”

ஈரத் துண்டோடு அவள் முன்னால் நின்றேன். அது அப்பாவின் நெற்றிக்காசாக இருக்கவே முடியாது. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை மட்டும் அவளிடம் சொல்ல முடியாது.

எங்கள் வீடுகளில் ஒருவர் இறந்தால், குளிப்பாட்டி முடித்ததும் சந்தனம் குழைத்து நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டுவோம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வழிச்செலவுக்கு என்பார் ஒருவர். கடைசியில் கொண்டுபோவது இவ்வளவுதான் என்று இருப்பவர்களுக்குக் காட்டுவதற்கு என்பார் இன்னொருவர். எனக்கு இவற்றில் எதிலும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் காசு ஒட்டுகிறவன் குனிந்து அந்த முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்தே ஆக வேண்டும். அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. நான் தப்பித்தேன்.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொரோனாவின் இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினொரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் மதியம் போன் வந்தது. அம்மாவுக்கும் அப்போது காய்ச்சல். எடமலைப்பட்டி புதூர் வீட்டில் தனி அறையில் இருந்தாள். நான் வண்டியை எடுக்கும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டுத் துணி, அதில் மஞ்சள் தடவிய ஒரு ரூபாய்க் காசு முடிந்திருந்தது. யாரிடமும் கொடுத்துவிடாதே, நீயே உன் கையால் வை என்றாள். அழவில்லை. அந்த ஒரு வேலை ஒழுங்காக நடந்துவிட வேண்டும் என்பதில்தான் அவள் மனசு முழுக்க இருந்தது.

பிணவறையில் உடல்கள் பைக்குள் வரிசையாகக் கிடந்தன. தலை முதல் கால் வரை மூடிய உடையில் ஓர் ஊழியர் வந்தார். சீட்டைப் பார்த்து ஒரு பையின் அருகில் போய் நின்றார். “தொறந்து காட்டவாங்க?” என்று கேட்டார். அவர் கை ஜிப்பின் மேல் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற மகள் இருக்கிறாள், அம்மாவுக்கு வேறு முடியவில்லை, நானும் படுத்தால் யார் பார்ப்பது என்று பிற்பாடு எனக்கு நானே நிறையக் காரணங்கள் சொல்லிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் ஒரு காரணமும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். அப்பாவின் பெயர், வயது, ஒரு நம்பர். உடலை நேரில் பார்த்து அடையாளம் கண்டதாக ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

மின்மயானத்தில் கிட்டத்தில் விடவில்லை. எல்லாம் முடிந்து திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். சட்டைப் பையில் இருந்த முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே ஆற்றில் எறிந்தேன். வீட்டு கேட்டுக்கு வெளியே நான் நிற்க, அம்மா ஜன்னலுக்குள்ளிருந்து இரண்டே கேள்விகள் கேட்டாள். முகத்தைப் பார்த்தாயா, காசு வைத்தாயா.

“பாத்தேம்மா. தூங்குற மாதிரி இருந்தாரு. காசு வச்சேன், அதோடதான் போனாரு” என்றேன்.

என் வேலையைச் சொன்னால்தான் இதன் அசிங்கம் விளங்கும். துவாக்குடியில் இரும்பு வேலை செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தேழு வருஷமாகத் தர ஆய்வாளன் நான். தட்டு, குழாய், துளை, வெல்டிங் என்று எது வந்தாலும் அளந்து பார்த்து, சரியென்றால் கையெழுத்துப் போட வேண்டும். தவறென்றால் சிவப்புப் பட்டை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். என் சிவப்புப் பட்டைக்குப் பயப்படாத ஆள் அங்கே கிடையாது. முதுகுக்குப் பின்னால் எனக்கு, நான் கையில் வைத்திருக்கும் அளவுகருவியின் பெயரே பெயர், வெர்னியர். நேற்று அளந்ததையே இன்று மறுபடி அளக்கிறவன் என்று கேலி செய்வார்கள். முதலாளியே வந்து, லாரி நிற்கிறது, போட்டுவிடுங்கள் என்று கெஞ்சியும், பொருளைப் பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. இத்தனை வருஷத்தில் பார்க்காமல் நான் போட்ட ஒரே கையெழுத்து அப்பாவுக்குப் போட்டதுதான்.

ஒரு பொய் சொன்னால் அதோடு முடிவதில்லை. அம்மா சில மாதங்களுக்கு ஒரு முறை ஏதாவது கேட்பாள். ஆஸ்பத்திரியில் சவரம் செய்துவிட்டிருந்தார்களா? வாய் மூடியிருந்ததா? அவருடைய பல் செட்டைக் கழற்றியிருந்தார்களா? நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சவரம் செய்திருந்தார்கள், வாய் மூடியிருந்தது, பல் செட் இல்லை. நான் பார்க்காத ஒரு முகத்தை அவளுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஓர் ஊரில் உடல்கள் மாறிப்போய்விட்டதாக டிவியில் சொன்ன அன்று, ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். நான் எரித்தது என் அப்பாவைத்தானா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

இந்த நிலையில்தான் ஆற்றிலிருந்து ஒரு காசு என் கைக்கு வந்தது. அம்மாவின் கணக்கு அவள் அளவில் சரியானதுதான். நெற்றியில் வைத்த காசு அப்பாவோடு தீக்குள் போனது. சாம்பலோடு கலயத்துக்கு வந்தது. சாம்பலை இதே அம்மா மண்டபத்தில்தான் கரைத்தோம். மூன்றாவது முழுக்கில் பிள்ளை கைக்கே திரும்பி வந்துவிட்டது. ரூபாய்க் காசு இவ்வளவு சின்னதா என்று கேட்டதற்கு, தீயில் சுருங்கியிருக்கும் என்றாள்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. எரிச்சலுக்கு அடியில் இருந்தது வேறு. நான் பாலத்திலிருந்து எறிந்த காசே திரும்பி வந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம்! பாலம் அங்கிருந்து கூப்பிடு தூரம். மறுநாளே ஒரு காந்தத்தை எடுத்து வந்து காசின் மேல் வைத்துப் பார்த்தேன். இப்போதைய ரூபாய்க் காசு எஃகு, காந்தத்தில் சட்டென்று ஒட்டும். இது அசையவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். வெர்னியர் விடுவானா? அளந்தேன். ஒரு பக்கம் பதினாறு மில்லிமீட்டர், குறுக்கே பதினைந்தரை. கம்பெனி லேபில் எடை பார்த்தேன், ஒன்றரை கிராம்கூட முழுசாக இல்லை. செம்பு அதிகமாக இருக்கும் ஏதோ கலவை என்று லேபில் இருந்தவர் சொன்னார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கம் வலப்புறம் திரும்பிய ஒரு தலை தெரிந்தது. தலையைச் சுற்றி ஒரு பட்டை. முகத்துக்கு முன்னால் ஓரத்தில், பச்சைப் படிவத்துக்குள் சின்னச் சின்ன மேடுகளாக எழுத்துகள். மறுபக்கம் இரண்டு பேர் நின்றார்கள், நடுவில் ஒரு கம்பம். நம் ஊர்க் காசு இல்லை என்று மட்டும் புரிந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த வாரம் கம்பெனியில் ஆடிட் இருந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடமே கொடுத்தேன்.

அம்மா அதைக் கூடத்தில் மாட்டியிருந்த அப்பாவின் போட்டோவில் வைத்தாள். சந்தனம் குழைத்து, கண்ணாடிக்கு மேலே சரியாக அவர் நெற்றி வரும் இடத்தில் ஒட்டினாள். பார்க்கக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன். தினமும் கம்பெனிக்குக் கிளம்பும்போது அந்தப் போட்டோவைத் தாண்டித்தான் செருப்பு மாட்ட வேண்டும். அப்பா நான் வைக்காத காசை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

எங்கள் வீட்டில் வியாழக்கிழமைதோறும் பூஜை சாமான் விளக்குவார்கள். ஊறவைத்த புளியைப் போட்டுச் செம்பு, பித்தளையெல்லாம் தேய்த்து, விபூதியால் துடைத்துக் கவிழ்த்து வைப்பது வழக்கம். மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது குத்துவிளக்குக்கும் தீர்த்தச் சொம்புக்கும் பக்கத்தில், துணிமேல் அந்தக் காசும் காய்ந்துகொண்டிருந்தது. புதுச் செம்புக் குடத்தின் சிவப்பு. கரும்பச்சை இருந்த இடமே தெரியவில்லை.

நான் கத்திவிட்டேன். யாரைக் கேட்டுத் தேய்த்தாய் என்று அம்மாவிடம் அப்படிக் கத்தியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அவள் பயந்துபோய்ப் புளிக் கையோடு எழுந்து நின்றாள்.

“தீயில பட்ட கரிதானப்பா. அதோட அவரு நெத்தியில எத்தன நாளைக்கு வச்சிருக்கிறது?”

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். தலை மங்கலாக இருந்தது. இரண்டு பேரும் நின்றார்கள். எழுத்து ஒன்றுகூட இல்லை. அவள்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? அவள் கரி என்று நம்பியதைத்தான் தேய்த்தாள். அந்தக் கரி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நான் கேட்டுக்கு வெளியே நின்று சொன்ன ஒரு வரியிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகுதான் அது என்ன காசு என்று தெரிந்துகொள்வதில் எனக்கு வெறி வந்தது. எங்கள் பெயின்ட் செக்‌ஷனில் இருக்கும் ஒருவர், பாய் ஒருவரைப் பற்றிச் சொன்னார். பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாட்ச் கடை வைத்திருக்கிறார், எட்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர், பழங்காசு என்றால் அவரைத்தான் எல்லோரும் தேடிப் போகிறார்கள் என்றார். அம்மாவிடம் கேட்டுக் காசை வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனேன். போட்டோவின் நெற்றியில் சந்தன வட்டம் மட்டும் இருந்தது.

கடை அகலம் ஆறடி இருந்தால் அதிகம். வாட்ச், பேட்டரி, போன் கண்ணாடி எல்லாம் ஒரே மேஜையில் இருந்தன. பாய்க்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். சலாம் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டார். காசை உடனே கையில் வாங்கவில்லை. ஒரு துணியை விரித்து, அதில் வைக்கச் சொன்னார். வாட்ச் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, காசை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வேலை பார்க்கிற முறையும் அதுதான். வெளிச்சம் நேராக விழுந்தால் மேடு பள்ளம் தெரியாது, சாய்வாக விழ வேண்டும். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

எங்கே கிடைத்தது என்று கேட்டார், சொன்னேன். மறுபக்கத்தைப் பார்த்ததும் தலையாட்டினார். ரோமாபுரிக் காசு என்றார். நிற்கிற இரண்டு பேரும் சிப்பாய்கள், நடுவில் இருப்பது படையின் கொடிக்கம்பம். கரூர்ப் பக்கம் அமராவதி ஆற்றில் இந்த மாதிரிச் செம்புக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அங்கிருந்து தண்ணீர் இழுத்து வந்திருக்கலாம், இங்கேயே யார் மடியிலிருந்தாவது விழுந்திருக்கலாம், அதை இப்போது யாரும் சொல்ல முடியாது என்றார். வயது ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார். போனில் அதே மாதிரிக் காசுகளின் படங்களைக் காட்டினார். அதே தலை, அதே இரண்டு பேர், அதே கம்பம். சந்தேகமே இல்லை.

பெருமைப்படுவதற்கு நல்ல இடம் அது. எனக்கு வந்ததோ நிம்மதி. அப்பாவின் காசு இல்லை என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அதோடு எழுந்திருக்காமல், இது எந்த ராஜா என்று கேட்டேன். எந்தப் பொருளையும் பெயர் எழுதி முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

“அங்கதாண்ணே சிக்கல். ஒரு தகப்பன், அவருக்குப் பின்னாடி அவரோட புள்ளைங்க. எல்லாருமே இதே காசத்தான் அடிச்சிருக்காங்க. தகப்பனா புள்ளையான்னு முகத்த வச்சு சொல்லிற முடியாது. எழுத்துதான் சொல்லணும். புளி போட்டீங்களா?”

ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. வாரத்துக்கு ஒருத்தராவது புளி போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள் என்றார். மேலே இருந்த செம்பை ஆறு எப்போதோ தின்றுவிட்டது, எழுத்து அந்தப் பச்சைப் படிவத்தில்தான் மிச்சம் இருந்தது, அதோடு போய்விட்டது. தேய்ப்பதற்கு முன்னால் பார்த்தது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, ஒரே ஓர் எழுத்து தெரிந்தால்கூட உதவும் என்றார்.

நான் யோசித்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது தெரிந்த மேடுகள். அவற்றில் ஒன்று ஆங்கில ‘என்’னாக இருந்திருக்கலாம். அப்படி ஒன்று இருந்த மாதிரி ஞாபகம் என்று சொன்னேன்.

பாய் லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இருந்த மாதிரியா, இருந்துச்சாண்ணே?”

சாதாரணமாகத்தான் கேட்டார். ஒருநாளைக்கு இருபது தடவை நான் வெல்டர்களிடம் கேட்கிற கேள்வி. ஆனால் அன்று அம்மாவிடம் நான் சொன்னதுதான் எனக்குக் கேட்டது. தூங்குற மாதிரி இருந்தாரு. அந்த வார்த்தை என் வாய்க்குள்ளேயே இத்தனை வருஷமாக இருந்து, இப்போது கசந்தது. சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னேன். சரி என்று தலையாட்டி, ஒரு சின்னக் காகித உறையை எடுத்து அதன்மேல் எழுதினார். ரோமானியக் காசு, செம்புக் கலவை, இரண்டு சிப்பாய்கள், நடுவில் கொடி. கடைசி வரியாக, அரசர் யாரென்று தெரியவில்லை. ஏதாவது ஒரு பெயரைப் போட்டால்தான் என்ன என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

“பாக்காதத எப்படிண்ணே எழுதுறது?” என்றார். காசை உறைக்குள் போட்டு என் கையில் கொடுத்தார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

மெயின்கார்டு கேட்டில் பஸ் ஏறி எடமலைப்பட்டி புதூர் வருகிறவரை உறையைக் கையிலேயே வைத்திருந்தேன். பாதி வழியில் என் திட்டம் தெளிவாகவே இருந்தது. இது அப்பாவின் காசு இல்லை, ரோமாபுரிக் காசு என்று சொல்ல வேண்டும். அம்மா கொஞ்சம் வருத்தப்படுவாள், பிறகு போட்டோவிலிருந்து எடுத்துவிடுவாள். நானும் அதைத் தாண்டாமல் செருப்பு மாட்டலாம். திட்டத்தில் ஓட்டை இருந்தது. இருபத்தேழு வருஷம் அடுத்தவர் வேலையில் ஓட்டை தேடியவனுக்கு அது தெரியவில்லை.

அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். உறையில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். அவள் கையை நிறுத்தாமல் கேட்டாள். எவ்வளவு வருஷம் என்று ஒருமுறை கேட்டாள். அந்த நாட்டுக்காரர்கள் இவ்வளவு தூரம் எதற்கு வந்தார்கள் என்று கேட்டாள். மிளகு வாங்க என்றேன். அப்படியா என்றாள். வருத்தம் எதுவும் முகத்தில் இல்லை. நான் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்துவிட்டது என்று எழுந்திருக்கப் போனேன்.

“அப்ப நீ வச்ச காசு எங்கப்பா?”

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஒன்று இல்லையென்றால் மற்றது எங்கே என்கிற சாதாரணக் கேள்வி. தீயில் உருகியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். கலயத்திலிருந்து ஆற்றோடு போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. அவளும் நம்பியிருப்பாள். காகித உறை மேஜைமேல் இருந்தது. யாரென்று தெரியவில்லை என்ற அந்தக் கடைசி வரி என் பக்கம் திரும்பி இருந்தது.

“வைக்கலம்மா” என்றேன். “முகத்தையும் பாக்கல. தொறக்கவான்னு கேட்டாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். பயந்துட்டேம்மா.”

அவரைக்காய் ஆயும் கை நின்றது. காசை என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. நானாகவே பாலத்தில் எறிந்ததைச் சொன்னேன். சவரம், வாய், பல் செட் எல்லாமே நான் சொன்ன பொய் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறுமென்று பார்த்தேன், மாறவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சீட்டில் பெயர் இருந்ததா என்று மட்டும் கேட்டாள். இருந்தது, நானே படித்தேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மறுபடி காயை ஆய ஆரம்பித்தாள். ஒரு காம்பு விடாமல் கிள்ளி முடித்தாள்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிற ஆள் இல்லை அவள். சாப்பிட்டாள், எனக்குப் பரிமாறவும் செய்தாள். பேச்சு மட்டும் என் மனைவி வழியாக வந்தது. மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் என்றாள். காசு உறைக்குள்ளேயே மேஜைமேல் கிடந்தது. யாரும் தொடவில்லை. அந்த மூன்று நாளும் அம்மா எதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். நான் இத்தனை வருஷம் தனியாக வைத்திருந்த கேள்வியை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டேன். எரிந்தது அவர்தானா? இனி அவளும் அதோடு இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. வேதனையாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் காலையில் கம்பெனிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கூடத்தில் அப்பாவின் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த சந்தனத்தை ஈரத் துணியால் சுத்தமாக எடுத்துவிட்டு, வழக்கமான சின்னப் பொட்டு வைத்தாள். பிறகு மேஜைக்குப் போய் உறையிலிருந்து காசை எடுத்தாள். ஒரு துண்டுத் துணியில் அதை முடிந்தாள். அப்பாவின் வேட்டித் துணி அது, மிச்சத்தை இவ்வளவு நாளும் வைத்திருந்திருக்கிறாள். அந்த முடிச்சைத் தன் பீரோவில், புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சாவியை வழக்கமான ஆணியில் மாட்டினாள்.

“யாருதுன்னு தெரியாத காசுதான, யாருக்கும் சொந்தமில்ல. நான் போறப்ப எனக்கு அத வை.”

நான் ஒரு கால் செருப்போடு நின்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“வைக்கும்போது முகத்தப் பாத்து வைப்பா.”

சரிம்மா என்றுதான் சொல்ல நினைத்தேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது எப்போது, எதனால் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்து முடிக்கிறவரை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.